பெயரும் வழக்கும்

உலகில் பெயரின்றி வழங்கும் பொருள் ஒன்றும் இல்லை. மலைக்கும் ஆற்றுக்கும் பெயர் உண்டு. ஊருக்கும் தெருவுக்கும் பெயர் உண்டு. சொல்லுக்கு எட்டாதவன் என்று மறைகள் கூறும் பரம்பொருளுக்கோ ஆயிரம் திருநாமங்கள் உண்டு. இப்பெயர்களை இட்டவர் யாவர்? இட்டவர் எண்ணிய பொருளிலேயே அவை நிலைத்து நின்றனவா? கற்றோர் ஒரு பெயரைச் சொல்ல, ஊரார் வேறொரு பெயரை வழங்குவாராயின், அவற்றுள் மெய்ப்பெயர் எது? இவ்வினாக்கள் இலக்கணம் வல்லார்க்கு மட்டுமே உரியன போலத் தோன்றும். ஊன்றி நோக்கினால், இவை மாந்தர்தம் ஒழுக்கத்தையும் தொட்டு நிற்பன என்பது விளங்கும்.

நூலோர் கண்ட வழி

பெயர்களைக் காரணப்பெயர் என்றும் இடுகுறிப்பெயர் என்றும் இரண்டாகப் பகுத்தனர் தமிழ் இலக்கண நூலார். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், மக்கள் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு எனப் பிரித்து, சொல் சிதைந்து வழங்கும் மரூஉ மொழியையும் இயல்பு வழக்கினுள்ளேயே அடக்கிற்று. திருநெல்வேலி நெல்லை ஆனதும், தஞ்சாவூர் தஞ்சை ஆனதும் பிழையென ஒதுக்கப்படவில்லை, வழக்கென ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் குழூஉக்குறிக்கும் தகுதி வழக்கில் இடம் உண்டு. இரசத்தைச் சாற்றமுது என்றும், பாயசத்தைத் திருக்கண்ணமுது என்றும், அனுமனைத் திருவடி என்றும் வழங்கும் வைணவ மரபு இவ்வகையைச் சார்ந்தது. அடைமொழி இன்றிக் கோயில் என்றால் திருவரங்கம். திருமலை என்றால் திருவேங்கடம். பெருமாள் கோயில் என்றால் காஞ்சி. இவ்வாறு எவரும் ஆணையிட்டதில்லை. அடியார்கள் சொல்லிச் சொல்லியே அப்பொருள் நிலைத்தது.

வடமொழித் தருக்க நூலாரும் இதனை ஆராய்ந்தனர். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு என்றும் உள்ளது, எவராலும் ஆக்கப்பட்டதன்று என்பது மீமாம்சகர் கொள்கை. இச்சொல்லால் இப்பொருளை உணர்க என்னும் ஏற்பாட்டினால் வந்ததே அத்தொடர்பு என்பது நையாயிகர் கொள்கை. கொள்கையில் மாறுபட்ட இவ்விரு சாராரும் ஒரு செய்தியில் உடன்பட்டனர். பங்கஜம் என்னும் சொல்லுக்குச் சேற்றில் பிறந்தது என்பதே பகுதிப்பொருள். சேற்றில் பிறப்பன பலவாயினும் அச்சொல் தாமரையையே குறிக்கிறது. பகுதிப்பொருள் அகன்று கிடப்பினும் வழக்கு அதனை ஒரு பொருளில் நிறுத்திவிடுகிறது.

ஆற்றின் பெயர்

நூலோர் கூறிய இவ்வுண்மைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் இப்பேராறே சான்றாகும். பொருநை, பொருநல் என்பன இதன் பழந்தமிழ்ப் பெயர்கள். தொலைவில்லிமங்கலம் பொருநலின் வடகரையில் உள்ளது என்று திருவாய்மொழி கூறுகிறது. தாமிரபர்ணி என்னும் வடமொழிப் பெயரோ மகாபாரதத்திலேயே காணப்படுகிறது. அதே பெயர் இலங்கைத் தீவுக்கும் வழங்கியது. கிரேக்க ஆசிரியர்கள் அத்தீவைத் தப்ரொபனே என்று எழுதியது அப்பெயரின் திரிபே என்பர்.

தாமிரபர்ணி என்பதற்குச் செம்பின் நிறம் வாய்ந்த இலையுடையது என்று பொருள் கூறுவர் ஒரு சாரார். தாமிரவருணி என்று ஓதிச் செந்நிறம் உடையது என்பர் மற்றொரு சாரார். கரையிலே வாழும் உழவரும் வண்ணாரும் மீனவரும் இவ்வாராய்ச்சியில் புகுவதில்லை. பெரும்பாலோர்க்கு அது ஆறு, அவ்வளவே. ஆற்றுக்குப் போதல், ஆற்றுத் தண்ணீர், ஆற்றங்கரை என்று சொல்லும்போது வேறோர் ஆறு அவர்கள் நினைவில் இல்லை. ஊரார் தம் தாயைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை அன்றோ? அவ்வுரிமை இதனுள்ளும் அடங்கியிருக்கிறது.

பழம்பெயர் மறைந்துவிட்டது என்றும் கூறுவதற்கில்லை. 2021-ஆம் ஆண்டில் நெல்லையில் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தபோது அதற்குச் சூட்டிய பெயர் பொருநை என்பதே. நூலில் உறங்கிய சொல் மீண்டும் மக்கள் நாவில் ஏறியது. வழக்கு ஒரு பெயரை மறக்கவும் செய்யும். வேண்டுங்கால் மீட்டும் எழுப்பும்.

ஊர்களின் பெயர்

நவதிருப்பதிகளைச் சேவிக்க வரும் அடியார்கள் ஊர்ப்பெயர்களில் இவ்விரட்டை வழக்கை எதிர்ப்படுவர். ஓலையிலும் பாசுரத்திலும் வரகுணமங்கை. வழியில் கேட்டால் நத்தம். பாசுரத்தில் குளந்தை, பேருந்தில் பெருங்குளம். பாசுரத்தில் தொலைவில்லிமங்கலம், ஊரார் வாயில் இரட்டைத் திருப்பதி. பாசுரத்தில் சிரீவரமங்கை, வழக்கில் நாங்குநேரி, அல்லது பெருமாளின் திருப்பெயராகிய வானமாமலை. குருகூர் என்னும் பழம்பெயரோ, அங்கு அவதரித்தவரின் பெருமையால் ஆழ்வார்திருநகரி என்னும் பெயருக்கு இடங்கொடுத்து ஒதுங்கிற்று. ஊர் ஆழ்வாரைப் பெற்றது. பின்னர் ஆழ்வார் ஊருக்குப் பெயரானார்.

நவதிருப்பதி என்னும் தொகைப்பெயரே வழக்கின் ஆற்றலைக் காட்டும். நூற்றெட்டுத் திவ்யதேசங்களை எண்ணும் முறையில் தொலைவில்லிமங்கலம் ஒன்றே. அவ்வகையில் இப்பகுதியில் உள்ளவை எட்டு. தேவபிரானுக்கும் அரவிந்தலோசனனுக்கும் அங்குத் தனித்தனிக் கோயில்கள் இருத்தலால், கால்நடையாய்ச் சென்று சேவித்த அடியார்கள் அவற்றை இரண்டாக எண்ணினர். ஒன்பது என்னும் தொகை வந்தது. பிற்காலத்தில் இவ்வொன்பதையும் ஒன்பது கோள்களோடு இணைத்து வழிபடும் பழக்கமும் தோன்றிற்று. ஏட்டின் கணக்கு எட்டாகவே மக்கள் வழக்கிலும் நின்றிருப்பின், அவ்விணைப்புக்கு இடமே இராது. முதலில் பெயர், அப்பெயரை ஒட்டி வழிபாடு என இவ்வாறு வளர்வதும் உண்டு.

ஆணையால் வந்த பெயர்

ஆள்வோர் இட்ட பெயர்களின் வரலாறு வேறு வகையானது. ஆங்கிலேயர் திருநெல்வேலியை டின்னவெல்லி என்றும், பாளையங்கோட்டையைப் பாலம்கோட்டா என்றும், தூத்துக்குடியை டூட்டிகொரின் என்றும் எழுதினர். அலுவலகங்களில் பல தலைமுறைகள் அவை ஆட்சி செய்தன. அக்காலத்திலும் சந்தைக்குச் சென்ற உழவன் டின்னவெல்லிக்குச் செல்லவில்லை, திருநெல்வேலிக்கே சென்றான். இன்று அப்பெயர், நிலவாகை இலையை டின்னவெல்லி சென்னா என்று வழங்கும் மருந்து வாணிகத்தில் தங்கி நிற்கிறது.

விடுதலைக்குப் பின்னரும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. 1986-ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரித்து அமைத்த புதிய மாவட்டத்திற்குச் சிதம்பரனார் பெயர் இடப்பெற்றது. திருநெல்வேலி மாவட்டமும் கட்டபொம்மன் பெயரைச் சில ஆண்டுகள் தாங்கிற்று. இருவரும் நாட்டுக்காகத் துன்புற்றவர். அவர்தம் பெயருக்கு ஒரு குறையும் இல்லை. ஆயினும் மக்கள் மாவட்டத்தை ஊர்ப்பெயராலேயே வழங்கினர். தலைவர்களின் பெயரை ஒட்டித் தமிழகத்தில் பிணக்குகள் எழவே, 1997-ஆம் ஆண்டில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இட்டிருந்த தலைவர் பெயர்கள் நீக்கப்பெற்றன. 2020-ஆம் ஆண்டில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்பத் திருத்தி வெளியிட்ட ஆணையும் சில நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆணை பெயரை எழுதலாம். அதனைச் சொல்லுவிக்க ஆணையால் இயலாது.

வழக்கு எப்போதும் செம்மையோ?

இவ்வாறாயின், பலர் சொல்லுவதே மெய். அதற்கு மேல் கேள்வி இல்லை என்று முடித்துவிடலாமா? முடித்தல் கூடாது. ஆழ்வார் என்னும் அருஞ்சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். எம்பெருமானின் குணக்கடலில் ஆழ்ந்தவர் என்பது அனைவரும் அறிந்த பொருள். பழங்கல்வெட்டுக்களில் ஆள்வார் என்று எழுதிய இடங்களும் உண்டு. ஆள்பவர் என்பதே தொடக்கப் பொருள், ஒலி திரிந்து ஆழ்வார் ஆயிற்று என்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். அவர்கள் கூற்று மெய்யாயினும் அடியார்களுக்கு இழப்பு ஏதும் இல்லை. ஆள்வார் என்னும் சொல்லை ஆழ்வார் என்று ஓதிய மக்கள், அவர்தம் பாசுரங்களில் கண்டது ஆட்சியை அன்று, ஆழ்தலையே. கண்டதற்கு ஏற்பச் சொல்லும் வளைந்தது. சக்கரத்தாழ்வார், கருடாழ்வார் என்று அச்சொல் பரந்து, குருகூரில் ஆழ்வார் அமர்ந்திருந்த உறங்காப்புளியைத் திருப்புளியாழ்வார் என்று அழைக்கும் அளவும் சென்றது. மரம் நாட்டை ஆண்டதில்லை; ஆயினும் அங்கு வந்து நிற்பவர் எவரும் அப்பெயரைப் பிழை என்னார்.

இது வழக்கின் உயர்வு. தாழ்வும் உண்டு. நாமம் என்பதற்குப் பெயர் என்று பொருள். எம்பெருமான் பெயரைச் சொல்லி நெற்றியில் இடுவதால் திருமண்காப்புக்கும் நாமம் என்னும் பெயர் வந்தது. அது இயல்பே. பின்னரோ, ஒருவனை ஏமாற்றிப் பொருளைப் பறிப்பதை நாமம் போடுதல் என்று கடைத்தெருவில் வழங்கலாயினர். கைப்பொருள் முழுதும் தொலைந்துபோயிற்று என்பதைக் கோவிந்தா என்று சொல்லிச் சிரிக்கின்றனர். திரௌபதி சபை நடுவே கதறிய திருநாமம், கடன் திரும்பி வாராமைக்குப் பெயராயிற்று.

இவ்விழிவழக்கைக் கேட்டுச் சினப்பவர் பலர். நாத்திகரின் ஏளனம் என்று அவர்கள் கூறுவர். ஏளனம் உண்டு என்பது மெய். ஆனால் ஏளனம் மட்டும் ஒரு சொல்லின் பொருளைத் தலைமுறை தலைமுறையாகத் திரித்து நிறுத்த வல்லதோ? நெற்றியில் திருமண் துலங்க, கையில் பொய்க்கணக்கு வைத்திருந்த ஒருவனிடம் ஏமாந்த ஏழை, அவன் நெற்றியையும் செயலையும் சேர்த்து நினைத்திருக்கக் கூடும். அவ்வாறு ஏமாந்தவர் பலராகும்போது, நினைவு சொல்லாகிவிடும். சொல்லைத் திருத்துக என்று உலகத்தை நோக்கிக் கூறுவது எளிது. அச்சொல்லுக்கு இடங்கொடுத்த ஒழுக்கம் யாருடையது என்று வினவுவது அரிது. நாவின் வழக்குக்குப் பின்னால் எப்போதும் கையின் வழக்கு ஒன்று நிற்கிறது.

அடியேன் என்னும் சொல்லும் அத்தகையதே. தன்னைச் சுட்டும் இடமெல்லாம் அடியேன் என்பது வைணவர்க்கு மரபு. அவ்வாறு நூறு முறை சொல்லியவர், தீர்த்தமும் சடாரியும் தமக்கு முன்னே பிறர்க்குக் கிடைத்ததென்று முகம் சுளிப்பாராயின், அச்சொல் அங்கு எதனைக் குறித்தது? கலை என்பது கல்வி. வடகலை, தென்கலை என்பன கல்வியின் இரு துறைகள். அவை இரு அணிகளின் பெயராகி, நீதிமன்றங்கள் வரை சென்றதை நாடறியும். வழக்கு என்னும் சொல்லுக்குப் பயிற்சி என்றும் பிணக்கு என்றும் இரு பொருள் இருத்தல் பொருத்தமே போலும்.

இட்ட பெயரும் நடந்த நடையும்

இழிந்த பெயரை நீக்கி உயர்ந்த பெயரை இட்டால் உலகம் திருந்துமோ என்பது அடுத்த வினா. இதற்கு வைணவ வரலாற்றிலேயே சிறந்த சான்று உண்டு. மேல்கோட்டையில் எம்பெருமானார், ஊருக்குப் புறம்பே நிறுத்தப்பட்டிருந்த மக்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டார் என்பது மரபு. பெயரிட்டதோடு அவர் நின்றாரல்லர். அவர்கள் திருக்கோயிலுள் புகுந்து செல்வப்பிள்ளையைச் சேவிக்க ஆண்டில் 3 நாள்களையும் உரிமையாக்கினார். பெயருக்குப் பின்னே வாயிலும் திறந்தது.

இருபதாம் நூற்றாண்டில் காந்தியடிகள் அரிசனர் என்னும் பெயரைப் பரப்பினார். 1933-இல் அப்பெயரால் ஒரு வார இதழையும் தொடங்கினார். ஹரியின் மக்கள் என்பதினும் உயர்ந்த பொருள் ஏது? ஆயினும் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. அப்பெயரால் அழைக்கப்பட்டோருள் பலரும் நாளடைவில் வெறுத்தனர். 1982-இல் மத்திய அரசே சாதிச் சான்றுகளில் அச்சொல்லை எழுத வேண்டாம் என்று மாநிலங்களுக்குத் தெரிவித்தது. சொல்லில் என்ன குற்றம்? சொல்லில் இல்லை. ஹரியின் மக்கள் என்று வாயால் கூறிக்கொண்டே, ஹரியின் வாயிலில் அவர்களை மறித்தோர் இருந்தனர். குடிநீர்க் கிணற்றில் மறித்தோர் இருந்தனர். ஆலய நுழைவுக்கு 1939-லும் 1947-லும் சட்டங்கள் வேண்டியிருந்தன. தேன் போன்ற சொல்லை இட்டுவிட்டு நடையை மாற்றாதிருந்தமையால், அத்தேனும் கசந்தது. அன்றியும், அப்பெயர் அவர்கள் தாமே விரும்பிச் சூடியதன்று, பிறர் சூட்டியது. ஒருவரை எப்பெயரால் அழைத்தல் வேண்டும் என்பதில் அழைக்கப்படுவோரின் உள்ளத்திற்கு முதலிடம் உண்டு. இதனை மறந்த பரிவும் முழுப் பரிவு ஆகாது.

இழிபெயர் உயர்ந்தமையும் இந்நாட்டில் உண்டு. கள்ளன் என்பது எவரும் விரும்பாத பெயர். ஸ்ரீவைகுண்டத்து உற்சவப் பெருமாளின் திருநாமமோ கள்ளபிரான். காலதூஷகன் என்னும் கள்வன் கவர்ந்த பொருளில் பாதியை எம்பெருமானுக்குக் காணிக்கையாக்கி வந்தான் என்றும், அவன் அரசனிடம் அகப்படும் நிலை வந்தபோது எம்பெருமான் அவனுடைய வடிவிலேயே அரசன்முன் தோன்றி அவனைக் காத்தான் என்றும் தலவரலாறு கூறும். குற்றவாளியின் பெயரைத் தன் மேல் ஏற்றுக்கொண்டான் இறைவன். பெயர் இறைவனைத் தாழ்த்தவில்லை. பெயரை இறைவன் உயர்த்தினான். இன்று அவ்வட்டாரத்தில் தாய்மார் தம் மக்களுக்குக் கள்ளபிரான் என்று பெயரிட்டு மகிழ்கின்றனர்.

இதனினும் நுண்ணியது சடகோபத்தின் செய்தி. பெருமாள் கோயில்களில் அடியார் முடிமீது சாற்றப்பெறும் திருவடி நிலைக்குச் சடகோபம், சடாரி என்று பெயர். அது நம்மாழ்வாரின் திருநாமம் என்பதை அறியாமலே தலை குனிவோர் பலர். அவ்வாழ்வாரின் திருவடி நிலை குருகூரில் இராமாநுசன் எனப்படும். இராமாநுசரின் திருவடி நிலையோ முதலியாண்டான் எனப்படும். உலகத்தார் தம் பெயரை மாளிகை முகப்பில் பொறிக்க விரும்புவர். இவர்களோ தம் பெயரைத் தலைவனின் பாதத்திற்கு விட்டுக்கொடுத்தனர். அவ்வாறு விட்டுக்கொடுத்த பெயரே அனைவர் தலைமீதும் ஏறுகிறது. திருக்கோளூரில் பிறந்த மதுரகவிகள் மூப்பினும் குலத்தினும் தாம் உயர்ந்தவர் என்று எண்ணாமல், குருகூர் நம்பியின் பெயர் ஒன்றையே தம் நாவுக்கு அமுதாகக் கொண்டார். அவ்வொழுகலாறு இருந்தமையால் அப்பெயர்கள் தேயவில்லை.

எல்லாச் சொல்லும் சென்று சேரும் இடம்

சகஸ்ரநாமத்தின் தொடக்கத்தில், அத்திருநாமங்கள் குணம் பற்றி வந்தவை, உலகில் புகழ் பெற்றவை, முனிவர்களால் பாடப்பெற்றவை என்று பீஷ்மர் கூறுகிறார். காரணமும் வழக்கும் அன்பும் அங்கு ஒருங்கே கூடின. எம்பெருமானார் தரிசனமோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. உயிரும் உயிரல்லனவும் எம்பெருமானுக்கு உடல். அவற்றுக்கெல்லாம் உள்ளுயிர் அவனே. உடலைக் குறிக்கும் சொல் உயிர் அளவும் செல்வது போல, எப்பொருளைக் குறிக்கும் சொல்லும் அப்பொருளில் நின்றுவிடாமல் அதன் உள்ளே உறையும் அவன் அளவும் செல்கிறது. உலக வழக்கு பாதி வழியில் நின்றுவிடுகிறது. மெய்யுணர்ந்தோர் வழக்கு கடைசி வரை செல்கிறது.

இதனை உடன்படுவோர்க்கு ஒரு கடமை உண்டு. எச்சொல்லும் அவனைச் சென்று சேருமாயின், அயலானை இழித்துரைத்த சொல்லும் அவனையே சென்று சேரும். வேலைக்காரனை, வழிப்போக்கனை, கடன்பட்டவனை அழைக்கும் பெயர் எதுவாயினும், அதனைக் கேட்டுக்கொண்டு உள்ளே ஒருவன் இருக்கிறான். இந்நினைவு நாவில் தங்குமாயின் வழக்கு தானே செம்மையுறும்.

வைகாசித் திருவிழாவில் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது பெருமாள்களும் கருடன்மேல் எழுந்தருள, அன்னவாகனத்தில் ஆழ்வார் எதிர்நின்று சேவை சாதிக்கும் இரவில், கூடியுள்ளோர் எல்லாரும் கோவிந்தா என்று முழங்குவர். திருநாள் முடிந்தபின் அவரவர் தம் கடைக்கும் வயலுக்கும் அலுவலகத்துக்கும் திரும்புவர். அங்கு அவர்கள் அளக்கும் அளவும், சொல்லும் விலையும், எழுதும் கணக்கும் நேர்மையாய் இருக்குமாயின், கோவிந்தா என்பது இழப்பின் பெயராய் நெடுநாள் நில்லாது. அடைக்கலத்தின் பெயராய் மீளும். அத்திருநாமத்திற்குப் பொருள் எழுதும் பொறுப்பு அதனை உரக்கச் சொல்வோரிடமே உள்ளது.